ஸ்ப்ரூவா, புட்டியா: 1/35 அளவில் ஆள் செய்ய எது நல்லது?

யாழ்ப்பாணக் காட்சி ஒன்றை 1/35 அளவில், அதாவது உண்மையில் 35இல் ஒரு பங்கு அளவான மாதிரியாகச் செய்ய இறங்குபவருக்கு வீடும் வேலியும் பெரிய சிக்கல் இல்லை. ஆட்கள்தான் சிக்கல். இந்த அளவில் கடையில் வருபவர்களில் பெரும்பாலானோர் இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்கள். பாதங்களைப் பிணைக்கும் தளநார் போட்டுப் பனை ஏறும் சீவல் தொழிலாளியையும் நல்லூர்த் தேர் வடம் பிடிப்பவரையும் நாமேதான் உருவாக்க வேண்டும். நான் சீவல் தொழிலாளியை, ஒட்டிச் செய்யும் மாதிரிக் கிட்களில் மிஞ்சிய பிளாஸ்டிக்கில், அதாவது ஸ்ப்ரூவில் செய்தேன். அதற்கு முன் சில உருவங்களை, பிசைந்து வைத்தால் தானாக இறுகும் எபொக்ஸி புட்டியில் செய்திருக்கிறேன். இன்று யாராவது கேட்டால் மிச்சப் பிளாஸ்டிக்கையே சொல்வேன்.

மூன்றாவது வழியான பொலிமர் களியை முதலில் ஒதுக்கிவிடலாம். அதை 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் இறுகும். கிட் பிளாஸ்டிக்கான பொலிஸ்டைரீன் 100 பாகை அளவிலேயே இளகிவிடும். சுடாத களியில் இருக்கும் இளக்கியும் பொலிஸ்டைரீனை அரிக்கும். அதனால் இரண்டையும் ஒரே உருவத்தில் சேர்க்க முடியாது. முழு உருவத்தையும் களியிலேயே செய்பவர்களின் வேலை அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் பழக்கம் குறைவு என்பதால் அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

புட்டியின் நன்மைகள் தெரிந்தவைதான். இரண்டு பகுதிகளைச் சம அளவில் பிசைய வேண்டும், ஈர விரலால் தடவினால் மழமழப்பாகும், மில்லிபுட் என்ற வகைப் புட்டி என்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் இறுகிவிடும். துணி மடிப்புக்கு அதை விஞ்ச எதுவும் இல்லை. ஹார்ட்வெயார் கடையில் குழாய் ஒழுக்கு அடைக்க விற்கும் எபொக்ஸியும் உதவும், ஆனால் சற்றுக் கரடாக இருக்கும். நம் சித்திரை வெயிலில் எந்தப் புட்டியும் இன்னும் விரைவாக இறுகுவதால், முகத்தில் மூக்கு வைத்துக் கண்ணுக்குப் போவதற்குள் கை வேகமாக ஓட வேண்டும். கையுறையும் கட்டாயம் போடுங்கள், இறுகாத எபொக்ஸி சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும்.

இனிப் பிளாஸ்டிக். கிட்டில் பாகங்களைத் தாங்கிவரும் சட்டகத்தைத்தான் ஸ்ப்ரூ என்கிறோம், பலர் வெட்டி எறிந்துவிடுவார்கள். 175 சென்ரிமீற்றர் உயரமான ஆள் 1/35 இல் 50 மில்லிமீற்றர் வருவார். அவருடைய முன்னங்கையின் தடிப்பு மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஸ்ப்ரூக் கம்பியின் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆகவே கை பாதி தயாராகவே வருகிறது! மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல் சூடாக்கி வளைத்தால் முழங்கை. இழுத்தால் மயிர் போன்ற இழை வரும், தளநாருக்கும் முட்டி கட்டும் கயிற்றுக்கும் அது போதும். தொடைக்கு இரண்டு கம்பியை ஒட்டிச் செதுக்க வேண்டும், உடம்புக்கு நான்கைந்து. இடுப்பில் தூக்கிக் கட்டிய சாரத்துக்கு யோகட் கப்பின் மெல்லிய சுவரை வெட்டி, பிளாஸ்டிக் கிட் ஒட்டும் பசையான தமியா எக்ஸ்ட்ரா தின் சிமெந்தைத் தூரிகையால் பூசினால் இளகிப் படியும். கப்பின் அடியில் 6 என்ற இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், 5 என்றால் பொலிபுரொப்பிலீன், இந்தச் சிமெந்து அதைத் தொடவே தொடாது. இலக்கம் அழிந்திருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். பொலிஸ்டைரீன் தாழும், பொலிபுரொப்பிலீன் மிதக்கும்.

ஆனால் என்னைப் பிளாஸ்டிக் பக்கம் இழுத்தது திருத்தம் செய்யும் வசதிதான். மனித உருவம் மேசையில் நிற்கும்போது ஒரு மாதிரி, காட்சிக்குள் வைத்த பிறகு வேறு மாதிரி. பனை ஏறுபவரின் எடை தளநார் பிணைத்த பாதங்களில் இருக்கிறது, முதுகு மரத்தை விட்டுச் சற்று வெளியே சாய்கிறது, கைகள் மரத்தை அணைக்கின்றன. இடுப்பு சிறிது நிமிர்ந்திருந்தால்கூட அவர் ஏறவில்லை, மரத்தில் ஒட்டவைத்திருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் உருவமென்றால் இடுப்பில் வாள் போட்டு, வேண்டிய பக்கத்தில் ஆப்பு மாதிரி ஒரு ஸ்ப்ரூத் துண்டைச் செருகிச் சிமெந்து விட்டால் சரி. சிமெந்து இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்குகிறது. காய்ந்தபின் அரத்தால் தேய்த்தால் வெட்டிய தடமே இருக்காது. பல வருடம் கழித்துக் கை உடைந்தாலும் இதே வேலைதான்.

இறுகிய புட்டி சூடாக்கினாலும் மறுபடி உருகாது, சிமெந்துக்கும் கரையாது. மணிக்கட்டு முறிந்தால் துளையிட்டுக் கம்பி செருகித்தான் நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் உடம்பில் புட்டியை அப்பினால் இன்னொரு தொல்லை: இரண்டுக்கும் கடினம் வேறு. சாண்ட் பேப்பர் மென்மையானதைக் கூடுதலாகத் தின்ன, எல்லையில் ஒரு படி நின்றுவிடும். நிறம் பூசுமுன் அடிக்கும் பிரைமரை அடித்ததும் அது பளிச்சென்று தெரியும்.

பிளாஸ்டிக் கேட்கும் விலை பொறுமை. ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி அதே சிமெந்தில் ஊறவைத்தால் ஒரு கூழ் கிடைக்கும், தசை திரட்ட அதைத்தான் பூசுகிறோம். கரைப்பான் ஆவியாகும்போது கூழ் சுருங்கும், ஆகவே மெல்லிய படையாகப் பூசிக் காயவிட வேண்டும். தடிப்பாக ஒட்டிய உடம்பு வெளியே காய்ந்தாலும் உள்ளே நாள்கணக்கில் மென்மையாக இருக்கும், அவசரப்பட்டுச் செதுக்கினால் பிறகு குழி விழும். வெறும் அசற்றோனில் கரைத்தால் கூழ் சீராக வராமல் பிசின் போல இழுபடும், சில்லறையைப் பார்க்காமல் நல்ல சிமெந்து வாங்குங்கள். அந்தப் போத்தலும் மெழுகுதிரியும் ஒரே மேசைக்கு வரவே கூடாது, ஆவி எளிதில் தீப்பற்றும். யன்னலைத் திறந்து வையுங்கள்.

முகத்துக்கு மட்டும் நான் இன்னமும் புட்டியைத் தொடுகிறேன். ஏழு மில்லிமீற்றருக்கும் குறைந்த தலையில் கன்னமும் இமையும் செதுக்கி எடுப்பதை விட வைத்து அழுத்துவது எளிது. 1/72 இல் ஆளே 24 மில்லிமீற்றர்தான். அங்கே நான் செய்தது கொஞ்சம், ஆனாலும் அந்த அளவில் இழுத்த ஸ்ப்ரூவில் எலும்புக்கூடு கட்டி மேலே புட்டி பூசுவதுதான் வேகமாக முடிந்தது.