மீன்பிடிச் சாமான் கடையில் ஐந்து வருடம்: தின் கிளையண்டும் ஆஃப்லைன் செயலியும்

திருகோணமலையில் எங்கள் குடும்பம் மீன்பிடிச் சாமான் கடை நடத்துகிறது. வலை, தங்கூசி, தூண்டில், மிதவை, என்ஜின் உதிரிப்பாகம் எல்லாம் விற்கிறோம். கிண்ணியாவில் ஒரு சின்னக் கிளையும் உண்டு. 2019 கடைசியில் இரண்டு கடைக்கும் தின் கிளையண்ட் போட்டோம். மேசையில் இருக்கும் பெட்டி தானாக எந்தக் கணக்கும் பார்க்காது. நாம் தட்டுவதைக் கொழும்பில் வாடகைக்கு எடுத்த சேர்வருக்கு அனுப்பும், அங்கே உருவாகும் திரையை வாங்கிக் காட்டும்.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் விசிறி இல்லாததுதான். கடற்கரை ஊரில் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். பழைய கணினியின் விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுத்து இழுத்து, மதர்போர்ட் பச்சை பிடித்துப் போனது. பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கடையின் இருப்பும் ஒரே இடத்தில் இருந்ததால், கிண்ணியாவில் வலை இருக்கிறதா என்று போன் போடும் வேலையும் இல்லாமல் போனது.

ஆனால் எங்கள் வியாபாரம் விடியற்காலை வியாபாரம். ஐந்து மணிக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள். மாரி மழையில் இணைய லைன் இழுத்தால், தட்டிய எழுத்து திரையில் வர ஒரு நொடிக்கு மேல் ஆகும். “தம்பி, வள்ளம் இறக்க நேரமாகுது, கொப்பியில எழுதிட்டுத் தாங்க” என்பார்கள். கொப்பியில் எழுதிக் கொடுப்போம்.

2022 மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. பெட்டி மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது, அதனால் யூபிஎஸ் தாங்கியது. ஆனால் பக்கத்து போன் டவரின் பேட்டரி தீர்ந்ததும் சேர்வரைப் பிடிக்க முடியவில்லை. அந்த நாட்களில் கொப்பியிலிருந்து ஏற்றிய கணக்கில், மூதூரிலிருந்து வரும் ஐயா ஒருவரின் கடன் இரண்டு தடவை பதிவாகிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. இரண்டு மாதம் கடைப்பக்கமே வரவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் திருத்திக் காட்டினேன். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன், விற்பனை மேசையின் கணக்கு கடைக்குள்தான் இருக்க வேண்டும் என்று.

இப்போது இரண்டு கடையிலும் லேப்டாப், அதில் இணையம் இல்லாமலும் ஓடும் ஆஃப்லைன் செயலி. தரவு அதிலேயே எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளக் கோப்பாக இருக்கிறது, லைன் வரும்போது மற்றக் கடையோடு ஒத்திசைகிறது. ஆரம்பத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. இரண்டு இடமும் ஒரே பில் நம்பரைப் போட்டன. கடைக்கு ஒரு முன்னெழுத்து கொடுத்ததும் அது தீர்ந்தது. இருப்புதான் பெரிய சிக்கல். “மீதி 8” என்று இரண்டு பக்கமும் எழுதினால், கடைசியாக வந்தது முந்தியதை அழித்துவிடும். “2 விற்றது”, “5 வந்தது” என்று அசைவுகளை மட்டும் பதிந்தால், எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கூட்டுத்தொகை சரியாக வரும். செயலி எழுதித் தந்த தம்பி இதை மாற்றிய பிறகு குழப்பம் வெகுவாகக் குறைந்தது. இருந்தாலும் கடைசி ஒரு வலையை இரண்டு கடையும் ஒரே காலையில் விற்றுவிடுவது இன்னும் எப்போதாவது நடக்கிறது.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரண்ட் போனபோது, லேப்டாப் பேட்டரியில் பில் போட்டுக்கொண்டே இருந்தோம்.

உப்புக்காற்றுத் தொல்லை திரும்பி வந்துவிட்டது, அது உண்மை. வாடிக்கையாளர் கடன் விவரமெல்லாம் லேப்டாப்பில் இருப்பதால் வட்டை வேறு யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து, இரவில் வேறொரு வட்டில் நகலும் எடுக்கிறோம். பின்னேரம் வரும் கணக்காளருக்கு மட்டும் பழைய தின் கிளையண்ட் பெட்டியையே விட்டிருக்கிறோம். அவர் வேலை ஒரு மணி நேரம் நின்றாலும் யாரும் வள்ளத்தோடு காத்திருக்கப் போவதில்லை.

ஆஃப்லைன் செயலி வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் முன்னாலேயே ரவுட்டரைக் கழற்றிவிட்டு பில் போட்டுப் பாருங்கள். நாங்கள் பார்த்தவற்றில் ஒன்று பழைய பில்லைக் காட்டியது, புதிய பில் போட விடவில்லை. இன்னொன்று ஒழுங்காகத்தான் ஓடியது; கணினியை அணைத்துப் போட்டதும் உள்நுழைய இணையம் கேட்டது.