விளக்காகிப்போன பழைய டெலிபோன்கள்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கொழும்பில் பழைய சாமான் கடைகளை விடாமல் சுற்றுகிறவர்களுக்கு இந்த விளக்குகள் பழக்கமானவை. டெலிபோன் ஒன்றின் தலையில் பல்பு மாட்டி, துணிக் கூடு கவிழ்த்து, மேசையில் வைத்திருப்பார்கள். கடைக்காரர் அதற்கு விளக்கு விலை சொல்வார், அல்லது ‘நூறு வருசப் பழசு’ என்று ஒரு விலை சொல்வார். இரண்டையும் காதில் வாங்காமல், போன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். பெறுமதி முழுக்க அதில்தான் இருக்கிறது.

கைக்கு வருகிறவை பெரும்பாலும் மூன்று வகை: மெழுகுதிரித் தண்டுபோல் நிமிர்ந்து நிற்கும் கேண்டில்ஸ்டிக் போன், கறுப்பு பேக்கலைட் (அந்தக் காலத்துக் கடினப் பிளாஸ்டிக்) மேசை போன், பளபளக்கும் பித்தளை போன். மரப்பெட்டிச் சுவர் போனை விளக்காக்கியதும் எப்போதாவது வரும். அதில் பெட்டியைத் தவிர வேறெதுவும் மிஞ்சியிருக்காது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

மூன்றில் விளக்காவதற்கு இயல்பாகவே பொருந்துவது கேண்டில்ஸ்டிக்தான். தண்டு உள்ளே வெறும் குழாய், வயர் ஏற்கெனவே அதற்குள்தான் ஓடியது. மணிகூட இதற்குள் இல்லை. சுவரில் தனிப் பெட்டியில் இருந்தது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில், கழித்துவிட்ட கேண்டில்ஸ்டிக் போன்களை விளக்காக்குவது பெரிய மோகமாக இருந்தது. அப்படி மாற்றியவற்றில் நல்லதும் உண்டு, பாழானதும் உண்டு. பேசும் கிண்ணத்தின் உச்சியில் ஓட்டை போட்டு பல்பு ஹோல்டரை இறுக்கியிருந்தால் விலை இறங்கும். கிண்ணத்தைத் தொடாமல் பின்னால் தனிக் கம்பி நட்டிருந்தால் போன் தப்பித்தது.

அடுத்து எழுத்துகளைப் படியுங்கள். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பனியின் தயாரிப்புகளில் காப்புரிமைத் தேதிகள் பொறிக்கப்பட்டிருக்கும். 1904 என்று கண்டதும் ‘1904இல் செய்தது’ என்று விற்பார்கள். அது காப்புரிமை கொடுத்த தேதி மட்டுமே. அதே தேதியோடு பல வருடம் கழித்தும் போன் வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட தேதி இருந்தால், கடைசித் தேதிக்குப் பிறகு செய்தது என்பது மட்டும் உறுதி. டயல் வைத்த பிரித்தானிய கேண்டில்ஸ்டிக், மாடல் எண் 150, 1920களைச் சேர்ந்தது.

காதில் வைக்கும் ரிசீவரைக் கழற்றிக் கையில் எடுங்கள். அசல் என்றால் உள்ளே காந்தம் கிடக்கும், கை கனக்கும். மூடியைத் திருகித் திறந்தால் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பேசும் கிண்ணத்தைக் காதருகே மெதுவாக ஆட்டினால் கார்பன் துகள்கள் மணல் சரிவதுபோல் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் உள்ளுறுப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நான் தாராளமாகக் கூடக் கொடுப்பேன். கறுப்பு எனாமலைச் சுரண்டிப் பித்தளையை மினுக்கி வைத்திருந்தால் குறைத்துத்தான் கேட்பேன். பார்க்க அழகு, ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பழைய கறுப்பைத்தான்.

பேக்கலைட் போன்களில், நான் இங்கே பார்த்த வரையில், பிரித்தானிய வகையே அதிகம். கூம்பிய உருவில் இருப்பது 1929இல் வந்த எண் 162. அதே உருவில் 1930களில் வந்தது 232. மணியை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்ட, கொஞ்சம் சதுரமான 332 வந்தது 1937இல். இதன் வடிவம் நோர்வேக் கலைஞர் ஜான் ஹைபெர்க் எரிக்சன் கம்பனிக்காக வரைந்த போனிலிருந்து பிறந்தது. கைபிடியில் 164 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வேறு போனின் கைபிடியாக இருக்கலாம். பேக்கலைட்டா புதுப் பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் பெருவிரலால் ஒரே இடத்தில் சூடேறும்வரை தேய்த்து முகருங்கள். பழைய ஆஸ்பத்திரி வாடைபோல ஒன்று அடித்தால் பேக்கலைட்.

இந்த வகையில் ஓட்டை பெரிய குற்றம். பேக்கலைட் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. உலோகத்தில் போட்ட ஓட்டையைப் பற்றவைத்து மூடலாம், இதில் முடியாது. ஓட்டையிலிருந்து விரிசலும் ஓடும். கறுப்பு போன் ஏராளமாகச் செய்யப்பட்டது. ஆகவே துளைத்த கறுப்பு 332க்கு விளக்கு விலைக்கு மேல் ஒரு சதமும் வேண்டாம். தந்தம், சிவப்பு, பச்சை நிறங்கள் அரிது. துளைக்காமல், மரப் பலகையில் போனை வைத்து விளக்குக் கம்பியைப் பக்கத்தில் நட்டிருந்தால் யோசிக்காமல் பேரம் பேசுங்கள்.

பித்தளை போன்கள் பெரும்பாலும் இந்தியாவில் அலங்காரத்துக்கென்று செய்தவை. திருகாணியைப் பாருங்கள்: கூட்டல் குறித் தலை என்றால் 1910ஆம் ஆண்டுக் கதை அங்கேயே முடிந்தது. அந்தத் தலைக்கு பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றதே 1930களில்தான். டயல் துளைகளுக்கு அடியில் அமுக்கும் பட்டன் இருந்தாலும் அதே முடிவுதான். வீட்டுக்கு ஒரு அழகான விளக்கு வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம், புதுப் பொருளின் விலைக்கு.

எதை வாங்கினாலும் அப்படியே பிளக்கில் செருகாதீர்கள். அமெரிக்க விளக்கு 120 வோல்ட்டுக்கு வயர் போட்டது, நம் வீட்டில் ஓடுவது 230. துணி சுற்றிய பழைய வயர் பொடிந்து போயிருக்கும். கேண்டில்ஸ்டிக் உடம்பு முழுக்க உலோகம், ஆகவே எர்த் வயர் கட்டாயம். ரிசீவரைத் தூக்கினால் விளக்கு எரியும்படி செய்திருப்பதுதான் எனக்கு மிகப் பயமானது. அந்தக் கொக்கி சுவிட்ச் சுமார் 50 வோல்ட் டெலிபோன் லைனுக்காகச் செய்தது. அதன் வழியே வீட்டு மின்சாரத்தை விடக்கூடாது. தூக்கினால் எரிய வேண்டும் என்ற ஆசை இருந்தால் 12 வோல்ட் அடாப்டரும் சின்ன எல்இடி பல்பும் போடச் சொல்லுங்கள். புதிதாக எதையும் துளைக்கவும் வேண்டி வராது.

கையில் காசு இருந்தால் என் தெரிவு துளைக்காத கேண்டில்ஸ்டிக்; அளவான காசென்றால் பலகையில் நிற்கும் பேக்கலைட். உள்ளுறுப்பு எல்லாம் இருந்தால் முழு போனின் விலைக்குக் கிட்டப் போவேன். வெறும் கோது என்றால் பாதிக்கும் கீழேதான் ஆரம்பிப்பேன். விலை பேசுவதற்கு முன் ஒரு கேள்வி: “முதலாளி, இதுக்குள்ள இருந்த சாமான் எல்லாம் எங்க?” சில கடைகளில் மணியும் சுருளும் டயலும் பின்னறையில் ஒரு தகரப் பேணிக்குள் கிடக்கும். அதையும் சேர்த்து ஒரே விலையாகப் பேசிக்கொள்ளுங்கள்.