பிராக் செக்வே டூர்: பாலத்தைக் காட்டி விற்கிறார்கள், பாலத்துப் பக்கமே கூட்டிப்போவதில்லை

வியன்னா, பிராக், புடாபெஸ்ட் மூன்றையும் சேர்த்து பேக்கேஜ் எடுத்திருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி மக்கள் கவனத்துக்கு. உங்கள் பில்லில் "பிராக் ஓல்டு டவுன் செக்வே டூர், 3 மணி நேரம்" என்று தனியாக ஒரு வரி இருந்தால், மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். செக்வே என்பது நின்றபடி, உடம்பைச் சாய்த்து ஓட்டும் இரண்டு சக்கர மின்சார வண்டி.

காவேரிப்பட்டினம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. அப்பா, அம்மா, காலேஜ் படிக்கும் பெண், 12 வயதுப் பையன். மாவட்டத்திலேயே இருக்கும் ஒரு டிராவல்ஸ் மூலம் நாலு பேருக்கும் சேர்த்து 38,000 ரூபாய் கட்டினார்கள். நோட்டீஸில் இருந்த படத்தில், பிராகின் பழைய கல்பாலமான சார்லஸ் பாலத்தின் மேல் ஹெல்மெட் போட்ட ஐந்தாறு பேர் வரிசையாக செக்வேயில் நிற்கிறார்கள். அந்தப் படம் பொய் இல்லை, பழையது. பிராக் மாநகராட்சி 2016ஆம் ஆண்டு இறுதியிலிருந்து பழைய நகரமான ஓல்டு டவுனிலும் அதைச் சுற்றியுள்ள பெரும்பகுதியிலும் செக்வேயைத் தடை செய்துவிட்டது. தெருமுனைகளில் பலகையே வைத்திருக்கிறார்கள். 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம், 1410இல் வைத்த வானியல் கடிகாரம், அது நிற்கும் ஓல்டு டவுன் சதுக்கம் எல்லாமே தடைக்குள் வருகின்றன. ஆக, இன்றைக்கு எந்தக் கம்பெனியும் சட்டப்படி அந்தப் படத்தில் உள்ள டூரைக் கொடுக்க முடியாது. கொடுக்கிறேன் என்று எவராவது சொன்னால், போலீஸ் பிடித்தால் அபராதம் ஓட்டுகிறவர் தலையில்தான் விழும்.

பிறகு எதைக் கொடுத்தார்கள்? இதில்தான் சாமர்த்தியம். டூர் ஆபீஸ் ஓல்டு டவுனுக்குள்ளேயே இருக்கிறது. வவுச்சரில் "சந்திக்கும் இடம்: ஓல்டு டவுன்" என்று போட்டிருப்பது அதனால்தான். வழித்தடம் என்று ஒரு வரியும் கிடையாது. ஆபீசில் கையெழுத்து, ஹெல்மெட், பணம் சரிபார்ப்பு. அப்புறம் வேனில் ஏற்றி, ஆற்றைத் தாண்டி மேட்டில் இருக்கும் ஸ்ட்ராஹோவ் மடாலயத்துப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே பயிற்சி. அதன் பிறகு பிரெவ்நோவ் மடாலயம் வரை போய், ஒரு பூங்காவைச் சுற்றி, ஊரைத் தூரத்திலிருந்து பார்க்கும் இடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாயிற்று. வேன் வருவதற்குக் காத்திருந்தது, போக வர வேன் பயணம், காகிதம், பயிற்சி எல்லாம் அந்த 3 மணி நேரத்துக்குள்தான் கணக்கு. சக்கரத்தின் மேல் நின்றது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

993இல் நிறுவிய பிரெவ்நோவும் 1143இல் நிறுவிய ஸ்ட்ராஹோவும் பார்க்கக் கூடாத இடங்கள் அல்ல. கூட்டம் குறைவு, மரம் அதிகம், செக்வே ஓட்ட அதைவிட நல்ல பாதை அந்த ஊரில் கிடைக்காது. அதைச் சொல்லி விற்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பாலத்தைக் காட்டிக் காசு வாங்கிவிட்டு மடாலயத்துக்குக் கூட்டிப்போனதுதான் பித்தலாட்டம். அங்கே கவுண்டரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்தபோது, இங்கே வாங்கிய தொகையில் பாதிதான் இருந்தது. ஊரில் இருந்த ஏஜென்ட்டுக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். வந்த பதில்: "அண்ணா, செக்வே ஓட்டுனீங்கல்ல? அதுக்குத்தான் பணம். ரூட்டெல்லாம் லோக்கல் ஆளுங்க இஷ்டம்."

இன்னொரு தினுசும் நடக்கிறது. படத்தில் செக்வே, கையில் கொடுப்பது தடித்த டயர் போட்ட சாதாரண இ-ஸ்கூட்டர். செக்வே என்றால் இரண்டு சக்கரமும் பக்கத்துக்கொன்றாக இருக்கும், நடுவில் மேடையில் நிற்பீர்கள், சாய்வை அளக்கும் கைரோ சென்சார் பார்த்துப் பார்த்து மோட்டாரே சமநிலையைப் பிடித்துக்கொள்ளும். இ-ஸ்கூட்டரில் சக்கரம் முன்னும் பின்னும்; சைக்கிள் மாதிரி சமநிலையை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். சைக்கிளே ஓட்டத் தெரியாத அம்மாவுக்குச் செக்வே என்று பணம் கட்டிவிட்டு அங்கே இ-ஸ்கூட்டரை நீட்டினால் அவர் ஓரமாக நிற்க வேண்டியதுதான். பணமும் திரும்பாது. கைப்பிடியே இல்லாத, முழங்காலால் திருப்பும், நைன்பாட் என்ற சீனக் கம்பெனியின் சின்ன வண்டியைக் கொடுத்து "இதுவும் செக்வே கம்பெனிதான்" என்பார்கள். நைன்பாட் 2015இல் செக்வேயை வாங்கியது உண்மை. அதற்காக 13 கிலோ நைன்பாட்டும் 47 கிலோ செக்வேயும் ஒன்றாகிவிடாது. பெர்லின், மியூனிக் சேர்த்துப் போகிறவர்கள் கவனியுங்கள்: ஜெர்மனியில் 2019 ஜூன் 15 முதல் கைப்பிடி இல்லாத வண்டிக்குப் பொதுச்சாலையில் இடமில்லை, ஓட்டுகிறவருக்குக் குறைந்தது 14 வயது, வண்டியில் இன்சூரன்ஸ் ஸ்டிக்கர் இருந்தாக வேண்டும்.

வயதைவிட எடை முக்கியம். டூர்களில் பெரும்பாலும் இருக்கும் செக்வே ஐ2 மாடலுக்கு ஓட்டுகிறவர் எடை 45 கிலோவிலிருந்து 118 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இந்த வண்டியில் பிரேக் கிடையாது. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். எடை குறைந்த பிள்ளை எவ்வளவு சாய்ந்தாலும் வண்டிக்கு அது போதுமான கட்டளையாகத் தெரியாது, நிறுத்த முடியாமல் போகும். அந்தக் குடும்பத்துப் பையன் 38 கிலோ. புக்கிங்கின்போது யாரும் எடை கேட்கவில்லை. அங்கே போன பிறகு "கைடோடு சேர்ந்து ஒரே வண்டியில் நிற்கட்டும்" என்றார்கள். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மேடை ஒரு ஆளுக்கானது. இரண்டு பேர் நின்றால் யார் சாய்கிறார்கள் என்று வண்டிக்குப் பிரித்துத் தெரியாது.

இனி வண்டியைப் பற்றி. செக்வே கம்பெனி இந்த ரகத்தின் உற்பத்தியை 2020 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது டூரில் ஓடும் ஐ2 ஒவ்வொன்றும் அதற்கு முந்தையது, நூற்றுக்கணக்கான கத்துக்குட்டிகள் மோதிப் பழகியது. புதிதாக இருந்தபோது ஒரு சார்ஜுக்கு 38 கிலோமீட்டர் வரை என்று சொன்னது இன்றைக்குப் பொருந்தாது. பழைய வண்டி என்பதற்காகப் பயப்பட வேண்டாம், பார்த்து ஏறினால் போதும். இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஐ2 டயருக்குக் காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ, இரண்டிலும் ஒரே அளவு. ஒன்று தளர்ந்திருந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். கைப்பிடித் தண்டை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள், அடியில் லொடலொட என்று ஆடினால் வேறு வண்டி கேளுங்கள். மேடையின் ரப்பர் விரிப்பு கிழிந்திருந்தாலும் வேண்டாம். ஆள் நிற்கிறாரா இல்லையா என்று சொல்லும் சென்சார் அதற்கு அடியில்தான் இருக்கிறது. கைப்பிடியில் வட்டமான சின்னத் திரை இருக்கும். அதில் ஸ்பேனர் படம் வந்தால் கோளாறு, ஆமைப் படம் வந்தால் பழகுநர் நிலை. முதல் அரை மணி நேரம் ஆமை இருக்கட்டும். வேகம் 10 கிலோமீட்டரைத் தாண்டாது, திருப்பமும் நிதானமாக இருக்கும். ஆமையை எடுத்துவிட்டால் 20 வரை போகும்.

பயிற்சியை ஐந்து நிமிடத்தில் முடிக்கும் கைடு ஆபத்தானவர். குறைந்தது 15 நிமிடம், அதுவும் ஒவ்வொருவராகத் தர வேண்டும். பரிசலில் எழுந்து நிற்கிறவர் மாதிரி உடம்பை விறைத்துக்கொண்டு நின்றால் வண்டி முன்னும் பின்னும் குலுங்கும். முழங்காலைத் தளர்த்தினால் அடங்கிவிடும். ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் பலர் அடிபடுகிறார்கள். ஒரு காலைத் தரையில் வைத்ததும் "அப்பாடா" என்று கைப்பிடியை விட்டுவிடுவார்கள். மற்றொரு கால் இன்னும் சென்சார் மேல் இருக்கிறது, வண்டி ஆள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும், இல்லையென்றால் சுழன்று கணுக்காலில் அடிக்கும். இரண்டு காலும் தரைக்கு வந்து, வண்டியை அணைக்கும் வரை கைப்பிடியை விடக் கூடாது. கைப்பிடியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டும் இறங்கக் கூடாது. இழுத்த பக்கம் வண்டி திரும்பும்.

வேகம் கூடினால் கைப்பிடி உங்களை நோக்கிப் பின்னால் தள்ளும். அது கோளாறு இல்லை, வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. அதை எதிர்த்து மேலும் முன்னால் சாய்கிறவர்கள்தான் முகம் குப்புற விழுகிறார்கள், மோட்டாருக்குப் பிடித்து நிறுத்தச் சக்தி மிச்சம் இருக்காது. கைப்பிடி நடுங்கி உறுமல் சத்தம் வந்தால் உடனே வேகத்தைக் குறைத்து இறங்கிவிடுங்கள்.

இன்னொன்றைப் பல கைடுகள்கூடச் சொல்வதில்லை. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். காலையில் முழுச் சார்ஜோடு எடுத்த வண்டியை நேராக நீண்ட இறக்கத்தில் விட்டால், வருகிற மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது. வண்டி எச்சரிக்கை கொடுத்துத் தன்னை நிறுத்திக்கொள்ளப் பார்க்கும். ஸ்ட்ராஹோவ் மேட்டிலிருந்து தொடங்குகிற காலை டூர்களில் முதல் கொஞ்ச தூரம் சமதளமா என்று கேளுங்கள். கருங்கல் பாவிய தெரு மழையில் நனைந்திருந்தால் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கி வண்டி திரும்பிவிடும். டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் மாட்டும், செங்கோணத்தில் குறுக்காகக் கடக்க வேண்டும். மழை என்றால் டூரைத் தள்ளிப்போடுவார்களா, பணம் திரும்புமா என்பதும் வவுச்சரில் இருக்க வேண்டும்.

சேலை, துப்பட்டா வேண்டாம். காலுக்கு இரண்டு பக்கமும் சக்கரம், முந்தானை போய்ச் சிக்க நேரமாகாது. பேன்ட், பின்னால் கழலாத ஷூ. கர்ப்பிணிகளும், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், முழங்கால் ஆபரேஷன் செய்தவர்களும் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

டெபாசிட்டில் ஒரு வில்லங்கம். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். கொடுக்காதீர்கள்; நகல் கொடுங்கள், இல்லாவிட்டால் கார்டில் தொகையைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் காகிதத்தில் "வண்டிச் சேதம் முழுவதும் ஓட்டுகிறவர் பொறுப்பு" என்று இருக்கும். ஏறுவதற்கு முன்பே மட்கார்டு, சக்கர ஓரம், கைப்பிடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, பழைய கீறலைக் கைடிடமே காட்டிவிடுங்கள். அந்தக் குடும்பத்தில் பெண் ஓட்டிய வண்டிக்கு மட்கார்டு கீறல் என்று டெபாசிட்டில் பிடித்தார்கள். வீடியோ இல்லாததால் பேச முடியவில்லை. டெபாசிட்டுக்காக, செக் நாட்டுப் பணமான கொருனா மாற்றுகிறவர்கள் "கமிஷன் இல்லை" என்ற பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம், ரேட்டிலேயே அடித்துவிடுவார்கள். ரேட் மோசம் என்று தெரிந்தால் ரசீதோடு 3 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய், 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றியதை ரத்து செய்யலாம். 2019 ஏப்ரலிலிருந்து அங்கே அது சட்டம்.

விசாவுக்காக எடுக்கும் இன்சூரன்சில் 30,000 யூரோ மருத்துவச் செலவு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பாலிசியில் விலக்குப் பட்டியல் என்று ஒரு பக்கம் வரும். சாகச விளையாட்டு, மோட்டார் வைத்த இரு சக்கரம் என்ற சொற்கள் அதில் இருந்தால், செக்வே சேருமா என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். போனில் சொன்னது செல்லாது.

ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்தெந்த இடம் வழியாகப் போகும், வண்டி மாடல் என்ன, சக்கரத்தின் மேல் நிற்கும் நேரம் எவ்வளவு, வேன் உண்டா, குறைந்தபட்ச எடை என்ன, அங்கே நடத்தும் கம்பெனியின் பெயர். வாட்சப்பில் வந்தாலும் போதும். கேட்டதும் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று இழுத்தால் அந்த வரியை மட்டும் பில்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பேக்கேஜ் அப்படியே இருக்கும். ஆசை இருந்தால் பிராக் போய் இறங்கிய பிறகு நேராகவே புக் செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நோட்டீஸ், பில், வவுச்சர், வாட்சப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கார்டில் கட்டியிருந்தால் முதலில் பேங்கில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடுங்கள், அதற்குக் கெடு குறைவு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை. மனுவில் "டூர் நன்றாக இல்லை" என்று எழுதினால் நிற்காது. "படத்திலும் தலைப்பிலும் காட்டிய இடத்தில் 2016 முதல் இந்த வண்டிக்குத் தடை, அதை மறைத்து விற்றார்கள்" என்று எழுதி, நோட்டீஸ் படத்தையும் வவுச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் இணையுங்கள்.