குடும்ப வேதாகமமா, தேவாலயப் பதிவேடா, அரசுச் சான்றிதழா? இங்கிலாந்து மூதாதையரைத் தேடுவோருக்கு

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஒருவரைத் தேடிப் புறப்படுகிறவர் ஒரு நாளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: 1837 ஜூலை 1. அன்றுதான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதியத் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடே பெரும்பாலும் கதி. பிந்தைய காலத்துக்கோ சான்றுகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. எதை முதலில் நம்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

வீட்டுப் பிறப்பு, திருமணம், இறப்புகளைக் குறித்துவைத்த பைபிளான குடும்ப வேதாகமம் கையில் இருப்பவர் அதையே வேதவாக்காகக் கொள்வது இயல்பு. தாத்தாவின் தாத்தா தம் கையால் எழுதிய தேதி அல்லவா! ஆனால் எழுதியது எப்போது என்று பார்க்க வேண்டும். தலைப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டு 1850 என்றும், முதல் குறிப்பு 1822 என்றும் இருந்தால், அந்தக் குறிப்பு நினைவிலிருந்தோ வேறொரு தாளைப் பார்த்தோ எழுதப்பட்டது. எட்டுக் குழந்தைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே சீரான கையெழுத்தில் இருந்தாலும் அதே கதைதான். திருமணத் தேதியில் கூடுதல் கவனம் வேண்டும். முதல் குழந்தை சீக்கிரம் பிறந்துவிட்ட வீடுகளில் அந்தத் தேதியைச் சற்று முன்னே தள்ளி எழுதிவிடும் ஆசை எழும். இருந்தாலும் ஒரு விஷயத்தில் இதற்கு ஈடு கிடையாது. 1837க்கு முன் ஞானஸ்நானம் பெறாமலே இறந்துபோன கைக்குழந்தையின் பெயர் வேறெங்கும் இல்லாமல் இந்த ஒரு தாளில் மட்டும் இருக்கக்கூடும். அதற்காகவே இந்த ஏட்டைப் போற்றுகிறேன்.

தேவாலயப் பதிவேடுகளின் வரலாறு 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணையிலிருந்து தொடங்குகிறது. நம் தேடலுக்கு முக்கியமான ஆண்டு 1813. அந்த ஆண்டிலிருந்து ஞானஸ்நானத்துக்கு அச்சிட்ட படிவம் வந்தது: குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில். தொழில் தெரிந்துவிட்டால், ஒரே பெயர்கொண்ட இரண்டு ஜான்களில் நம்மவர் தச்சரா கொல்லரா என்று பிரித்துவிடலாம். குறைகளும் உண்டு. அதில் இருப்பது ஞானஸ்நானத் தேதி. பிறந்த தேதியைக் குருவானவர் விரும்பினால்தான் ஓரத்தில் குறித்திருப்பார். நான்கு பிள்ளைகளை ஒரே நாளில் தூக்கிவந்த பெற்றோர் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்தின் பெயரைக் குருவானவர் காதில் விழுந்தபடி எழுதுவார். திருத்தச் சொல்ல அவர்களால் முடியாது.

எல்லாரும் இங்கிலாந்துத் திருச்சபை என்ற அரசுத் திருச்சபையைச் சேர்ந்தவர்களும் அல்லர். புதைபடிவங்களைத் தோண்டியெடுத்துப் புகழ்பெற்ற மேரி ஆனிங்கை எடுத்துக்கொள்வோம். 1799 மே 21இல் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். குடும்பம் அரசுத் திருச்சபையோடு சேராத பிரிவினைச் சபையைச் சேர்ந்தது. ஞானஸ்நானமும் அந்தச் சபையில்தான். ஊர்த் தேவாலயப் பதிவேட்டை மட்டும் புரட்டுபவருக்கு வெறுங்கைதான். ஆனால் 1847இல் அவர் அடக்கமானது அதே ஊர்த் தேவாலயத்தின் வளாகத்தில். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அவருக்கு மேரி என்றே பெயர்கொண்ட அக்கா ஒருத்தி இருந்தாள். 1798 கிறிஸ்துமஸ் சமயத்தில், நான்கு வயதில், உடையில் தீப்பற்றி இறந்துபோனாள். அடுத்துப் பிறந்த மகளுக்குப் பெற்றோர் அந்தப் பெயரையே வைத்தார்கள். இறந்த பிள்ளையின் பெயரை மறுபடி வைப்பது அன்று வழக்கம். ஆகவே ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் துள்ளிக் குதிக்காமல், அதே பெயரில் ஒரு குழந்தை அடக்கமாகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அரசுப் பிறப்புச் சான்றிதழில் பிறந்த தேதியே இருக்கும். தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். பெரிய லாபம்தான். ஆனால் பெற்றோர் தாமே வந்து பதியாவிட்டால் தண்டனை என்ற நிலை 1875இல்தான் வந்தது. அதற்கு முன் பதிவாளரே தேடிப் போனார். விட்டுப்போன பிறப்புகள் ஏராளம். சான்றிதழ் இல்லையென்பதால் பிறக்கவில்லை என்று ஆகாது. ஞானஸ்நானப் பதிவுக்குத் திரும்ப வேண்டும். பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் 1837 வரைக்கும் சேர்க்கப்பட்டிருப்பது பெரும் உதவி. பழைய அச்சு அட்டவணையில் 1911க்குப் பிறகுதான் அது உண்டு.

திருமணத்தில் என் தீர்ப்பு தயக்கமில்லாதது: தேவாலயத்தில் நடந்த திருமணமென்றால் தேவாலய ஏடே மேல். 1837க்குப் பிறகு அந்த ஏடும் அரசுச் சான்றிதழும் ஒரே படிவம். மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் இரண்டிலும் உண்டு. அரசுச் சான்றிதழுக்காக லண்டனுக்குப் போனது குருவானவர் பார்த்தெழுதிய நகல். மணமக்கள் கைபடப் போட்ட கையெழுத்தோ பெருக்கல் குறியோ இருப்பது தேவாலய ஏட்டில்தான். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடிந்தால், கட்டணம் கட்டி நகலின் நகலை வாங்குவானேன்? சாட்சிகளின் பெயர்களையும் விட்டுவிடக் கூடாது; மணமகளின் தங்கையோ மாமனோ அங்கே நின்றிருப்பார்கள். திருமணத்துக்கு முன் அதைத் தேவாலயத்தில் அறிவித்த, அதாவது ஓலை வாசித்த, ஏடு தனியாக இருந்தால் மணமகன் எந்த ஊர்க்காரர் என்பதும் தெரியவரும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழிகாட்டும். அதுவே முடிவான சான்று ஆகிவிடாது. 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 42 வயதுக்காரர் 40 ஆவார். பிறந்த ஊரும் இல்லை, அதே மாவட்டமா என்பது மட்டுமே. 1851இல்தான் குடும்பத் தலைவரோடு உள்ள உறவும், பிறந்த ஊரும் வருகின்றன. எந்த ஊர்த் தேவாலயத்தைத் தேடுவது என்ற கேள்விக்கு விடை தருவது அந்த ஒரு கட்டம்தான். அதனால் 1851ஐத் தாண்டி வாழ்ந்த மூதாதையருக்கு அங்கிருந்தே தொடங்கச் சொல்வேன்.

மூதாதையர் ஏழையாக இருந்தால் இன்னொரு புதையல் உண்டு. உதவி கேட்டு வந்தவர் எந்த ஊரின் பொறுப்பு என்று முடிவு செய்ய, நீதிபதிகள் முன் அவரை விசாரித்து எழுதிய வாக்குமூலங்கள் ஊர்த் தேவாலயப் பெட்டியில் சேர்ந்தன. எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் கற்றார், எந்தப் பண்ணையில் ஓராண்டு வேலை பார்த்தார் என்று அவர் வாய்மொழியே வரிசையாக வரும். ஓரளவு வசதியாக வாழ்ந்தவரைப் பற்றி இத்தனை விவரம் கிடைப்பது அபூர்வம்.

ஊர்ப் பதிவேடுகளிலிருந்து ஒருவர் திடீரென்று மறைந்துவிட்டால் இந்தியாவையும் ஒருமுறை நினைக்கலாம். இங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னை மாகாணத்து ஏடுகளின் வரிசைக் குறி: என்/2.