டீசல் பம்பைக் கழற்ற அனுமதிக்கும் முன், காற்றை எடுக்கச் சொல்லுங்கள்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், நீர் பாய்ச்சிச் செய்யும் நீர்போகத்துக்கு ஓடையில் டீசல் எஞ்சின் வைத்து ஸ்பிரிங்ளருக்குத் தண்ணீர் ஏற்றும் விவசாயிகளுக்காக இதை எழுதுகிறேன். டேங்கில் டீசல் தீர்ந்து எஞ்சின் நின்று, மறுபடி டீசல் ஊற்றியும் கிளம்பவில்லை என்றால், எஞ்சினுக்குள் டீசலைத் தள்ளும் பம்பும் அதைச் சிலிண்டரில் பீய்ச்சும் நாசிலும் போய்விட்டன என்று எடுத்தவுடனேயே சொல்லும் மெக்கானிக்கிடம் அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

உருளைக்கிழங்கு முளைத்து வரும் நேரத்தில் எங்கள் எஞ்சின் அப்படித்தான் நின்றது. அழைத்து வந்த மெக்கானிக் ஃபில்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், மலைக்குளிரில் டீசல் உறைந்து, பம்புக்குள் டீசலைத் தள்ளும் உறுப்பான எலிமென்ட் வீணாகிவிட்டது என்றார். கடும் குளிரில் டீசல் மெழுகு கட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது முதலில் அடைப்பது ஃபில்டரைத்தான், அதுவும் எங்கள் எஞ்சின் நின்றது நல்ல வெயில் ஏறிய நண்பகலில். பம்பையும் நாசிலையும் கோவைக்குக் கொண்டுபோய்க் காலிபரேஷன், அதாவது அளவும் அழுத்தமும் சரிபார்க்கும் வேலை, செய்ய வேண்டும் என்று எடுத்துச் சென்றவர், திரும்பி வந்து மாட்டி எஞ்சினைக் கிளப்பிக் காட்டிவிட்டு, புது எலிமென்ட், அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரோடு புது நாசில், காலிபரேஷன் கூலி என்று பெரிய தொகைக்குப் பில் கொடுத்தார். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டதற்கு, கடையிலேயே போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

அன்றிலிருந்து எஞ்சினில் இரும்பைத் தட்டுவது போன்ற சத்தம் கேட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் ஊர்ப் பெரியவர் திறந்து பார்த்தார். டீசல் இறங்கும் நேரத்தைச் சரியாக வைக்க பம்புக்கு அடியில் வைத்திருந்த ஷிம் என்னும் மெல்லிய தகடுகளில் சில காணாமல் போயிருந்தன. அதனால் டீசல் முன்கூட்டியே சிலிண்டருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. புதிதென்று பணம் வாங்கிய ஹோல்டரில், பழைய சர்வீஸின்போது பெரியவரே அடையாளத்துக்கு அரத்தால் போட்ட கீறல் அப்படியே இருந்தது.

இந்த ஏமாற்று எப்படிப் பலிக்கிறது என்பதை அவர் விளக்கிய பிறகுதான் எனக்குக் கோபம் கூடியது. இத்தகைய எஞ்சின்களில் பம்ப் தள்ளும் டீசல் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தை எட்டினால்தான் நாசிலின் ஊசி எழும்பி டீசலைப் பீய்ச்சும். டேங்கில் டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்துவிட்டால் பம்பின் ஒவ்வொரு தள்ளலிலும் அந்தக் காற்று சுருங்கி விரியுமே தவிர, ஊசி எழும்பாது. பம்பைக் கழற்றி மாட்டுகிறவர் கடைசியில் எப்படியும் அந்தக் காற்றை எடுத்தே ஆக வேண்டும். அதை எடுத்ததும் எஞ்சின் கிளம்பிவிடும். பணம் கொடுத்தவரோ புது உறுப்பு போட்டதால் கிளம்பியது என்று நம்பிவிடுவார்.

எனவே முதலில் காற்றை உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள். டேங்கை நிரப்பி, டேப்பைத் திறந்து, ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். நுரையும் குமிழியும் நின்று டீசல் சீராக வழியும்போதே அதை இறுக்க வேண்டும். அடுத்து பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் அப்படியே செய்ய வேண்டும். பிறகு நாசில் முனையில் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, சுற்றுவதை எளிதாக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, குமிழியில்லாமல் டீசல் வரும்வரை ஹேண்டிலைச் சுற்றி, நட்டை இறுக்க வேண்டும். அதன்பின் சுற்றும்போது நாசிலில் 'கிறீச்' என்று சத்தம் கேட்டால் டீசல் இறங்குகிறது என்று பொருள். டேங்க் தாழ்வாக இருந்தால், ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து டீசலை ஏற்ற வேண்டியிருக்கும். பீய்ச்சும் நாசிலுக்கு எதிரே மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இவ்வளவும் செய்து, குழாய் இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர்களையும் சரிபார்த்த பிறகும் கிளம்பாவிட்டால்தான் பம்பைக் கழற்றும் பேச்சே எழ வேண்டும். கழற்றும்போது ஷிம்களை எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஹோல்டரில் ஓர் அடையாளம் போடுங்கள், பழைய உறுப்புகளைக் கையில் வாங்கிய பின்னரே பணம் கொடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கி எறிய வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. நாங்கள் பில்லின் நகலையும் கீறல் உள்ள ஹோல்டரின் படத்தையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு அந்த மெக்கானிக்குக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம்.