நாலாயிரம் ரூபாய் செல்போன் திருட்டு: புரொபேஷனா, சமூக சேவையா?

பத்தொன்பது வயதுப் பையன். முதல் வழக்கு. நாலாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள செல்போனை எடுத்துவிட்டான், பிடிபட்டான், போன் உரியவர் கைக்குத் திரும்பிவிட்டது. குற்றம் நிரூபணமாகிறது, அல்லது அவனே ஒத்துக்கொள்கிறான். இனி அவனை என்ன செய்வது?

2024 ஜூலை 1-க்கு முன்பு இதற்குச் சிறை, அபராதம், 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் (புரொபேஷன்) என்று மூன்று வழிகள்தான் இருந்தன. அன்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவை என்ற நான்காவது வழியைத் திறந்தது. புதிது என்பதால் பலருக்கும் அதன்மேல் ஒரு கண். ஆனால் மேலே சொன்ன பையனுக்கு எது நல்லது என்று கேட்டால், பழைய புரொபேஷன் பக்கம்தான் நிற்பேன். காரணம் ஒரே ஒரு பிரிவு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'நன்னடத்தைப் பிணை' என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது, ரவுடிப் பட்டியலில் உள்ளவர்களைக் கோட்டாட்சியர் முன் நிறுத்தி எழுதி வாங்கும் '110 பாண்டு'. இப்போது அது பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 129-ஆவது பிரிவு. இனிமேல் குற்றம் செய்யாமல் தடுப்பதற்காகப் போலீஸ் கேட்டு வாங்குவது அது. இங்கே பேசுவது வேறு: குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனை விதிக்காமல் நீதிமன்றமே பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடுவது. இரண்டையும் ஒன்றென நினைத்து, 'பாண்டு எழுதினால் ரவுடி லிஸ்டில் பேர் ஏறிவிடும்' என்று பயந்து அபராதம் கட்டிவிட்டுப் போகிற குடும்பங்கள் உண்டு.

சமூக சேவை என்ன கொடுக்கிறது? ஆறு குற்றங்களுக்கு மட்டும்தான் இந்த வழி: அரசு ஊழியர் சட்டவிரோதமாக வியாபாரம் செய்வது, பிரகடனம் செய்தும் நீதிமன்றத்தில் ஆஜராகாமல் இருப்பது, அதிகாரியைப் பணியவைக்கத் தற்கொலை முயற்சி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை, அவதூறு. திருட்டுக்கு மட்டும் கூடுதல் நிபந்தனை: பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்திருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் இங்கே செய்ய வேண்டியது, திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்தில் ஆதாரம் வைத்திருப்பது. விலை ஐயாயிரத்துக்குக் கீழ் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். வாங்கியபோது பன்னிரண்டாயிரம் கொடுத்த போன் இரண்டு வருடப் பழசு என்றால், இன்றைய மதிப்பு எது என்பதே வழக்காகிவிடும்.

சரி, சேவை என்றால் எத்தனை மணி நேரம்? எங்கே? யார் மேற்பார்வை? சட்டத்தில் பதில் இல்லை. பிஎன்எஸ்எஸ் 23-ஆவது பிரிவின் விளக்கம் சொல்வதெல்லாம், சமூகத்துக்குப் பயன்படும் வேலை, அதற்கு ஊதியம் கிடையாது என்ற இரண்டு விஷயங்களை மட்டுமே. சிறார் நீதிச் சட்டம் இந்த விஷயத்தில் கெட்டி. ஓர் அமைப்பின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று 18-ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. பெரியவர்களுக்கான சட்டத்தில் அந்த வரி விட்டுப்போனது. ஆகவே ஆணை வாங்கும்போதே மணிக்கணக்கு, இடம், யாரிடம் வருகைக் கையெழுத்து, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், முடித்ததாக யார் சான்று தருவார் என்ற ஐந்தையும் கேட்டு எழுதி வாங்காவிட்டால், பையன் அரசு மருத்துவமனை வாசலில் போய் நிற்பான். அங்கே யாருக்கும் அவனை என்ன செய்வதென்று தெரியாது. வேலை செய்யத் தவறினால் வெறுங்காவல், அதாவது கடுங்காவல் அல்லாத சிறை. அபராதம் ஐயாயிரத்துக்குள் என்றால் இரண்டு மாதம், பத்தாயிரத்துக்குள் என்றால் நான்கு மாதம், மற்றபடி ஓராண்டு வரை என்று படிகள் வைத்திருக்கிறார்கள். அபராதமே இல்லாத சேவைத் தண்டனை இதில் எந்தப் படியில் விழும் என்பது வாதத்துக்கு இடமுள்ள கேள்வி.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: யோசனை மோசமில்லை. சட்டம் வருமுன்பே, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் பைக் சாகசம் செய்த இளைஞர்களை அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யச் சொல்லி ஜாமீன் நிபந்தனை போட்டது. செய்த தவறுக்கும் செய்யும் வேலைக்கும் ஒரு பொருத்தம் இருந்தால் அது உறைக்கும். குடித்துவிட்டு ரகளை செய்தவருக்கு இருபத்து நான்கு மணி நேரக் காவலோ ஆயிரம் ரூபாய் அபராதமோ கற்றுத் தராததை நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை கற்றுத் தரலாம். இந்தச் சட்டத்துக்கு வயது குறைவு என்பதால், இங்கே சமூக சேவை பற்றிச் சொல்வது எதுவும் முடிந்த முடிவல்ல.

இனி புரொபேஷன். சென்னை மாகாணம் 1936-லேயே தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்ட விஷயம் இது. மத்தியச் சட்டம் வந்தது 1958-ல். மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்கள் நீங்கலாக மற்ற எதற்கும், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடும் நாலாவது பிரிவைக் கேட்கலாம். பத்திரத்தின் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவதென்றால் அந்தக் கண்காணிப்பு ஓராண்டுக்குக் குறையக் கூடாது. திருட்டு, ஏமாற்றுதல் போன்றவற்றிலும், இரண்டாண்டுக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றங்களிலும், முன்பு தண்டனை பெறாதவரைப் பத்திரம்கூட இல்லாமல் மூன்றாவது பிரிவின் கீழ் கண்டித்து அனுப்பலாம். நம் செல்போன் பையனுக்கு இதுவே போதும்.

அவன் இருபத்தொரு வயதுக்குக் கீழ் என்பதால் ஆறாவது பிரிவும் துணைக்கு வரும். புரொபேஷன் அலுவலரின் அறிக்கையைக் கேட்காமல், ஏன் புரொபேஷன் தரவில்லை என்று காரணம் எழுதாமல், அவனைச் சிறைக்கு அனுப்ப முடியாது. வயதைக் கணக்கிடுவது குற்றம் நடந்த நாளில் அல்ல, விசாரணை நீதிமன்றம் தண்டனை குறித்து முடிவெடுக்கும் நாளில். வழக்கு மூன்று வருடம் இழுத்தால் பத்தொன்பது இருபத்திரண்டாகி, இந்தப் பாதுகாப்பு கைநழுவும். வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்குவதை வெற்றி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது அந்த ஒரு பிரிவு: பன்னிரண்டு. மூன்றாவது அல்லது நாலாவது பிரிவின் கீழ் விடப்பட்டவருக்கு, வேறு எந்தச் சட்டம் குற்றத் தீர்ப்போடு எந்தத் தகுதியிழப்பை ஒட்டவைத்திருந்தாலும் அது ஒட்டாது. சமூக சேவைக்கு இந்தக் கவசம் இல்லை, ஏனெனில் அது தண்டனைப் பட்டியலிலேயே இருக்கும் ஒரு தண்டனை. அபராதத்துக்கும் இல்லை. 'முந்நூறு ரூபாய் கட்டிட்டுப் போயிடு தம்பி, இத்தோட முடிஞ்சுது' என்று நீதிமன்ற வராண்டாவில் சொல்லப்படும் அறிவுரைதான் இருப்பதிலேயே விலை அதிகமானது. முந்நூறு ரூபாயோடு அவன் கையில் திணிக்கப்படுவது 'திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர்' என்ற பட்டம். ஐந்து வருடம் கழித்துத் தேர்வாணைய விண்ணப்பத்தில் 'குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டதுண்டா?' என்ற கட்டத்தில் போய் முட்டும்போதுதான் தெரியும்.

அதற்காகப் பன்னிரண்டாவது பிரிவை மந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும்; அதன் விளைவாக வரும் தகுதியிழப்பு மட்டுமே நீங்கும். ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர்மீது, அவர் செய்த செயலுக்காகத் துறை நடவடிக்கை எடுப்பதை இது தடுக்காது. 1975-ல் தெற்கு ரயில்வே ஊழியர் வழக்கிலும், 1990-ல் பக்‌ஷி ராம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. விண்ணப்பத்தில் மறைக்கவும் உரிமை தராது. 2016-ன் அவதார் சிங் தீர்ப்புக்குப் பிறகு, சின்ன வழக்கை உண்மையாக எழுதியவருக்கு இருக்கும் வாய்ப்பு, மறைத்து மாட்டியவருக்கு வெகுவாகக் குறைவு. ஆகவே 'ஆம்' என்று எழுதி, பக்கத்திலேயே 'நன்னடத்தைச் சட்டம் பிரிவு 4-ன் கீழ் விடுவிப்பு, பிரிவு 12-ன் பலன் உண்டு' என்று எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைப்பதுதான் சரியான வழி. பாஸ்போர்ட் பற்றிய பயம் இந்த வழக்கில் பெரிதாக வேண்டாம். பழைய தீர்ப்பைக் காட்டி மறுக்க, ஐந்தாண்டுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்தில் குறைந்தது இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கவசம் நடைமுறையில் எங்கே கழன்று விழுகிறது?

முதல் இடம், ஆணையில் எழுதப்படும் பிரிவு. பிஎன்எஸ்எஸ் 401-லும் நன்னடத்தையின் பேரில் விடும் ஏற்பாடு உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 360-இன் தொடர்ச்சி. அதில் பன்னிரண்டாவது பிரிவுக்கு இணையான எதுவும் கிடையாது. தட்டச்சில் 401 என்று விழுந்துவிட்டால் வேலைக்குப் போகும்போது தகராறு. '1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 4(1)-ன் கீழ், பிரிவு 12-ன் பலனுடன்' என்ற சொற்கள் ஆணையிலேயே வரும்படி அன்றைக்கே கேட்க வேண்டும். விசாரணை நீதிமன்றம் தரவில்லை என்றால், மேல்முறையீட்டிலும் சீராய்விலும் கேட்கப் பதினோராவது பிரிவு இடம் தருகிறது.

இரண்டாவது இடம், நேரம். குற்றவாளி என்று சொல்லிவிட்டு, 'தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்?' என்று நீதிபதி கேட்கும் அந்த இரண்டு நிமிடத்தில் எவரிடமும் காகிதம் இருக்காது. 'அய்யா, கருணை காட்டுங்க' என்பதோடு முடிந்துபோகும். தீர்ப்புத் தேதி குறிக்கப்பட்ட உடனேயே நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கோரி ஒரு மெமோ போட்டுவிட வேண்டும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கம் விசாரிப்பார், காவல் நிலையத்தில் கேட்பார். ரேஷன் கார்டு, படிப்புச் சான்று, வேலை தருபவரின் கடிதம், பொறுப்பேற்கும் உறவினரின் எழுத்துமூல உறுதி ஆகியவற்றை அவரிடம் முன்கூட்டியே கொடுத்தால் அறிக்கையில் உயிர் இருக்கும். வீடு பூட்டிக் கிடந்தால் அறிக்கை இரண்டு வரியில் முடியும்.

மூன்றாவது, முகவரி. குற்றவாளிக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான வசிப்பிடம் அல்லது முறையான தொழில் இருக்க வேண்டும் என்கிறது நாலாவது பிரிவின் நிபந்தனை. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் இதில்தான் அடிபடுகிறார். ஆனால் வாசகத்தை முழுதாகப் படித்தால் வழி இருக்கிறது: நீதிமன்ற எல்லைக்குள் இருந்தாலும் போதும், பத்திரக் காலத்தில் அவர் வாழப்போகும் இடத்தில் இருந்தாலும் போதும்; வீடு இல்லாவிட்டால் தொழில் போதும்; அவருக்கு இல்லாவிட்டால் ஜாமீன்தாரருக்கு இருந்தால் போதும். கம்பெனி மேற்பார்வையாளர் ஜாமீன் நின்றால் வேலை நடந்துவிடும்.

வெளியே வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. காவல் சரிபார்ப்பில் எஃப்ஐஆர் மட்டும் தெரிந்து, வழக்கு என்ன ஆனது என்பது தெரியாமல் நிற்கக்கூடும். தீர்ப்பு நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து, பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி ஒப்புகை வாங்கி வைப்பது நல்லது.

பத்திரத்தின்படி நடப்பது எளிது என்று சொல்ல மாட்டேன். மூன்று வருடம் என்பது இருபது வயதில் நீண்ட காலம். நிபந்தனையை மீறினால் நீதிமன்றம் கூப்பிட்டு மூலக் குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். அப்படி விதித்தால் பன்னிரண்டாவது பிரிவும் போச்சு. முதல் மீறலுக்கு மட்டும் பத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய் வரை அபராதம் போட்டு எச்சரித்துவிட ஒன்பதாவது பிரிவு இடம் தருகிறது. (1958-ல் ஐம்பது ரூபாய் பெரிய காசு. தொகையை யாரும் மாற்றவில்லை, நமக்கு நல்லதுதான்.) ஊர் மாற வேண்டியிருந்தால் சொல்லாமல் போவதுதான் தவறு. நிபந்தனையை மாற்றித் தர எட்டாவது பிரிவின் கீழ் நன்னடத்தை அலுவலர் மூலம் மனுப் போடலாம். வேலை தேடித் தர முயல்வது நன்னடத்தை அலுவலரின் கடமை என்று பதினான்காவது பிரிவில் எழுதியே இருக்கிறது, கேட்டால் தப்பில்லை.

புரொபேஷன் கிடைக்காத வழக்குகளில் வீணாக முட்ட வேண்டாம். பதினெட்டு வயது கடந்தவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கதவை அடைக்கிறது. போதைப் பொருள் சட்டத்தின் 33-ஆவது பிரிவும் அப்படியே, பயன்படுத்திய குற்றத்துக்கும் உரிமதாரர் குற்றத்துக்கும் மட்டும் விலக்கு. ஒரு கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்து பிடிபட்டவர் அடிமையாகிவிட்டவர் என்றால், கேட்க வேண்டியது 39-ஆவது பிரிவு: சிகிச்சைக்குச் சம்மதித்துப் பத்திரம் எழுதிக்கொடுத்து மறுவாழ்வு மையத்துக்குப் போவது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி உயிர் போன வழக்குகளில் புரொபேஷன் தருவதை 2000-ஆம் ஆண்டிலேயே தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்துவிட்டது.

சிறைக்கு மாற்று வழிகள் என்ற பட்டியலில் திறந்தவெளிச் சிறையையும் சேர்க்கிறார்கள். ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கனேரில் கைதிகள் குடும்பத்தோடு தங்கி வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். நம்மிடம் சிங்காநல்லூரும் சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பும் உண்டு. நீண்ட தண்டனை அனுபவிப்பவர் ஊருக்குத் திரும்பப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அது சிறைக்குள் போய்விட்டவருக்கு. செல்போன் பையன் அந்த வாசல் வரைக்கும் போகவே வேண்டாம்.

சமூக சேவையை முதலில் கேட்கலாம் என்று நான் சொல்வது ஒரு நிலையில் மட்டும்: அவதூறு வழக்கில் சிக்கிய, சொந்தத் தொழில் செய்யும் நடுத்தர வயதுக்காரருக்கு. அரசு வேலையோ தேர்தலோ அவர் கணக்கில் இல்லை. மூன்று வருடம் பத்திரத்தில் கட்டுண்டு கிடப்பதைவிட, பத்து நாள் வேலை செய்து கணக்கை முடிப்பது அவருக்கு லாபம். பத்தொன்பது வயதுக்கு அந்தக் கணக்கு சரிவராது. அவனுக்கு மெமோவில் மூன்றாவது பிரிவு முதலில், நாலாவது பிரிவு மாற்றாக, பன்னிரண்டாவது பிரிவு இரண்டுக்கும் பொதுவாக.