அலிஸ்டர் கோபர்னின் 'ரைட்டிங் எஃபெக்டிவ் யூஸ் கேசஸ்': இப்போதும் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். 2000-இல் வந்த புத்தகம், அதற்கப்புறம் யூசர் ஸ்டோரி (தேவையை ஓரிரு வரியில் எழுதும் முறை), ஜிரா (வேலைகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் மென்பொருள்) என்று எவ்வளவோ பரவிவிட்டன, ஆனாலும் ரிக்வயர்மென்ட், அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரும் இன்னொரு புத்தகத்தை நான் படித்ததில்லை.

யூஸ் கேஸ் என்பது ஒருவர் ஒரு காரியத்தை முடிக்க மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார் என்ற படிப்படியான விவரிப்பு. அந்தப் பெயரைக் கேட்டதும் பலரும் குச்சி மனிதனையும் நீள்வட்டத்தையும் வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். கோபர்னைப் பொறுத்தவரை இது எழுத்து வேலை. படம் வெறும் பொருளடக்கம்தான்.

புத்தகத்தின் உயிர் எக்ஸ்டென்ஷன் பகுதி, அதாவது வழக்கமான வழி தவறினால் என்ன நடக்கும் என்று எழுதும் இடம். ஏடிஎம்மில் பணம் எடுப்பதையே பாருங்கள். கார்டு, பின், தொகை, பணம் என்று எல்லாம் நல்லபடியாக நடப்பதை ஐந்தாறு வரியில் யாரும் எழுதிவிடலாம், ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று இங்கே என்னவெல்லாம் தவறலாம் என்று கேட்டால்தான் பின் நம்பர் தப்பு, மெஷினில் பணமில்லை, கணக்கில் கழித்துவிட்டது ஆனால் நோட்டு வரவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சம்பந்தப்பட்டவர்கள் யார், அவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்றும் எழுதச் சொல்கிறார். அப்படி எழுதினால் ரிசர்வ் வங்கியும் பட்டியலில் வந்துவிடும்: 2019 சுற்றறிக்கைப்படி, கழித்தும் கைக்கு வராத அந்தப் பணம் 5 நாளுக்குள் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எந்தத் திரையிலும் தெரியாத இந்த விதியை டெவலப்பர் எப்படி யூகிப்பார்?

யூஸ் கேஸின் நோக்கம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து மேகம், பட்டம், கடல்மட்டம், மீன், சிப்பி என்று மேலிருந்து கீழாக அவர் பிரிக்கும் நிலைகள் முதலில் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் 'லாகின்' ஏன் தனி யூஸ் கேஸாக நிற்காது என்ற மீட்டிங் சண்டையை இது சட்டென்று முடித்துவைக்கும். பயனர் முடிக்க வந்த வேலைதான் கடல்மட்டம். லாகின் மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று யாரும் எழுந்து போவதில்லை, அது கடல்மட்டத்துக்குக் கீழே.

குறையும் உண்டு. உதாரணங்கள் பழசாகிவிட்டன, மொபைல் ஆப் எழுதுபவர்களுக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கும். முழு வடிவ டெம்ப்ளேட்டை எல்லாவற்றுக்கும் நிரப்பினால் இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலைக்கு ஒதுக்கும் காலம்) தாங்காது, அதனால் சின்ன விஷயங்களுக்கு அவரே காட்டும் எளிய பத்தி வடிவம் போதும். பிசினஸ் ரூல், டேட்டா ஃபார்மேட் போன்றவை யூஸ் கேஸுக்குள் அடங்காது என்று அவரே சொல்லிவிடுகிறார், அவற்றுக்கு வேறு புத்தகம் பார்க்க வேண்டும்.

நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியிலிருக்கும் நினைவூட்டல்களை முதலில் படித்துவிட்டு, அப்புறம் எக்ஸ்டென்ஷன் அத்தியாயத்துக்குப் போகலாம்.